பினிங்கின் இரண்டாவது பிரேக்கர்

எங்கள் ஊர் சான் லியாந்த்ரோவில் டிரான்ஸ்பார்மர் என்று சொன்னால் கம்பத்தில் தொங்குவதை யாரும் நினைக்க மாட்டார்கள். வீட்டுக்குள்ளே, டிவிக்குக் கீழே உட்கார்ந்து முனகிக்கொண்டிருக்கும் இரும்புப் பெட்டியைத்தான் நினைப்பார்கள். ஊரில் பாதிக் குடும்பங்களுக்கு அமெரிக்காவில் ஆள் உண்டு. அங்கிருந்து அட்டைப்பெட்டியில் மிக்சி வரும், ரேடியோ வரும், தையல் மெஷின் வரும். எல்லாம் நூற்றுப்பத்து வோல்ட். நம் சுவரில் வருவதோ இருநூற்றிருபது. அப்படியே செருகினால் ஒரு சத்தம், கொஞ்சம் புகை. பிறகு அமெரிக்காவுக்குப் போன் செய்து, நீங்கள் அனுப்பிய மிக்சி பிரமாதமாக ஓடுகிறது என்று பொய் சொல்ல வேண்டும்.

அந்தப் பொய்யிலிருந்து எங்களைக் காப்பாற்றியவள் டெல்பினா சுமகாய்சாய். ஊருக்கெல்லாம் அவள் நாங் பினிங், அதாவது பினிங் அக்கா. எனக்கு வெறும் பினிங். இரண்டு பேரும் ஒரே வருடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள், அதனால் அக்கா தங்கை என்ற மரியாதை எங்களுக்குள் கிடையாது.

பினிங் தைவானில் ஒரு தொழிற்சாலையில் பல வருடம் செம்புக் கம்பி சுற்றியவள். கூடப் போன பெண்கள் தங்கச் சங்கிலியோடு திரும்பி வந்தார்கள். இவள் கம்பி சுற்றும் கைமெஷின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். விமான நிலையத்தில் ஒருவன், "இது என்ன, கறி அரைக்கிற மெஷினா?" என்று கேட்டானாம். "ஆமா தம்பி, வேணும்னா விரலை விட்டுப் பாரு" என்றாளாம். 

அவள் வேலை செய்வது வீட்டின் முன்னறையில். கணவர் இஸ்கோ வாசலில் வலை தைப்பார், உள்ளே இவள் கம்பி சுற்றுவாள். ஒரு பெட்டி முடிந்தால் அதற்கு முழுச் சுமையும் கொடுத்து ஓடவிட்டு, இரும்பின் மேல் புறங்கையை வைத்துக்கொண்டு ஜெபமாலை சொல்லத் தொடங்குவாள். ஐந்து தேவ இரகசியமும் முடிகிற வரை கையை எடுக்காமல் இருக்க முடிந்தால் அந்தப் பெட்டி வெளியே போகும். நடுவில் கை சுட்டால் மறுபடி பிரிப்பாள். ஒருமுறை நான் போனபோது மூன்றாவது இரகசியத்தில் கையை உதறிவிட்டு, "மாதாவே, மன்னிச்சுக்கோ, இது உனக்குச் சொன்னதில்ல" என்று சொல்லிவிட்டுக் கம்பியைத் திட்டினாள்.

பெட்டியின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒயர் போட மாட்டாள். எங்கள் தெருவில் பாட்டு மெஷின் வாடகைக்கு விடும் நோங் எபிங்குக்கு, அதாவது எபிங் அண்ணனுக்கு, அதில் எப்போதும் சந்தேகம்.

"ஏன் பினிங், இந்தப் பக்கம் மெலிசு, அந்தப் பக்கம் தடிமன். மிச்சம் கிடந்ததை எல்லாம் என் தலையில கட்டறியா?"

"நோங், படகுல இருந்து மீன் இறக்கறதைப் பாத்திருக்கீங்கதானே? பெரிய கூடையில இறக்கினா நாலு பேர் போதும். அதே மீனைச் சின்னக் கூடையில இறக்கினா எட்டுப் பேர் வேணும். எட்டுப் பேர் நடக்கற பலகை அகலமா இருக்க வேணாமா?"

"மீனுக்குச் சரி. கரண்ட்டுக்கு?"

"அதே கணக்குதான். வோல்ட்டுங்கறது கூடை. பாதி வோல்ட்டுன்னா ரெட்டை ஆம்பியர். நூத்திப்பத்துப் பக்கம் பலகை மெலிசா இருந்தா எட்டுப் பேரும் தண்ணிக்குள்ள. ஒயர்னா தண்ணி இல்ல, நெருப்பு."

"அப்போ பிரேக்கர் எதுக்கு இருக்கு?"

"பலகை தாங்கறதுக்கு மேல ஆள் ஏறினா கதவைச் சாத்த. பலகையைப் பாத்துத்தான் காவல்காரன். காவல்காரனைப் பாத்துப் பலகை இல்ல."

இப்படித்தான் அவள் பேசுவாள். நான் ஆறாவது வகுப்பைத் தாண்டியதில்லை, எனக்கே புரிந்துவிடும்.

இனி லோலோ டென்சியோவின், அதாவது டென்சியோ தாத்தாவின், வீட்டுக்கு வருகிறேன். பினிங்கைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்ததே அந்த வீட்டை வைத்துத்தான்.

லோலோ டென்சியோ இளம் வயதில் கலிபோர்னியாவுக்குப் போய்த் தோட்டங்களில் குனிந்து குனிந்து வேலை செய்தவர். நுரையீரல் கெட்டுப்போய், எண்பதை நெருங்கும்போது, கடலைப் பார்த்த தன் மரவீட்டுக்கே திரும்பினார். ஒரே மகள் கிளாரிட்டா. அங்கே முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவள், நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு அப்பாவுடன் வந்தாள். அவர்களோடு அவருடைய ஆக்சிஜன் மெஷினும், மோட்டார் வைத்த கட்டிலும் வந்தன. இரண்டும் நூற்றுப்பத்து. நான் அந்த வீட்டில் சமைத்து, துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மெஷினுக்கும் கட்டிலுக்கும் பினிங் ஒரு பெட்டி செய்து கொடுத்தாள். பெட்டியிலிருந்து கட்டில் வரைக்கும் கிளாரிட்டா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பழுப்பு நிற ஒயர், ரிப்பன் போலத் தட்டையானது. அப்பாவின் சக்கர நாற்காலி அதன்மேல் ஏறிப் போகும் என்பதால் பாய்க்கு அடியில் படுக்கிற ஒயர்தான் வேண்டும் என்றாள். பினிங்குக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அந்த ரிப்பன் எவ்வளவு தாங்குமோ அதைப் பார்த்து, இருநூற்றிருபது பக்கத்தில் ஒரு சின்னப் பிரேக்கரை இறுக்கமாகப் போட்டாள்.

"மர வீடு, மேல நிப்பா ஓலை" என்றாள் என்னிடம். "கொஞ்சம் அதிகமா இழுத்தாலும் பிரேக்கர் விழுந்து கரண்ட்டை நிறுத்திடணும். எனக்குத் தூக்கம் வரணுமில்ல."

நாலைந்து வாரம் எல்லாம் நன்றாக ஓடியது. லோலோ காலையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, படகு ஒவ்வொன்றும் யாருடையது என்று சத்தத்தை வைத்தே சொல்வார். மூக்கில் குழாய் இருந்தாலும் வாய்க்கு ஓய்வு கிடையாது. கரண்ட் போனால் மெஷின் கீச் கீச் என்று கத்தும். ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கிறது என்று சொல்லி, அந்தக் கத்தலுக்காக உள்ளே இருந்த சின்ன பேட்டரியை மகளை விட்டுக் கழற்ற வைத்துவிட்டார். கரண்ட் போகும்போதெல்லாம் குழாயைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாற்றுவோம், வந்ததும் மெஷினுக்கு மாற்றுவோம்.

ஒருநாள் மதியம் நல்ல மழை. தகரம் போட்ட சமையல்கட்டில் பேசினால் கேட்காது. கரண்ட் போயிற்று, கொஞ்ச நேரத்தில் வந்தது. எபிங் வீட்டுப் பாட்டு மெஷின் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. கிளாரிட்டா சிலிண்டரை மூடி, மெஷினின் விளக்கைப் பார்க்காமலே குழாயை அதில் மாட்டிவிட்டு, கொடியில் நனைந்துகொண்டிருந்த துணியை எடுக்க ஓடினாள். நான் இஞ்சிக் கஞ்சியோடு உள்ளே போனபோது லோலோ பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததே எனக்குச் சரியாகப் படவில்லை. உதடு நீலமாக இருந்தது. மெஷினின் பச்சை விளக்கு எரியவில்லை.

கூப்பிட்டேன். கிளாரிட்டா ஓடிவந்து சிலிண்டரைத் திறந்தாள். மெல்ல மெல்ல உதட்டில் நிறம் வந்தது. நான் பரலோக மந்திரத்தைப் பாதியிலேயே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். லோலோ கண்ணைத் திறந்து, "சோர்சி, முழுசாச் சொல்லு. அவருக்கு அரைகுறையாக் கேட்டா பிடிக்காது" என்றார்.

வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தது. பினிங்கின் பெட்டியில் மட்டும் பிரேக்கர் விழுந்து கிடந்தது.

பினிங் ஈரக் குடையோடு வந்தாள். பெட்டியைப் பார்க்கும் முன்பே அவள் கண் அலமாரிக்குப் போயிற்று. அங்கே கிளாரிட்டாவின் காபி மெஷின் இருந்தது. அதன் பிளக், பெட்டியில் மீதமிருந்த ஓட்டையில் செருகியிருந்தது.

"இதுதான் இந்தாய்" என்றாள் பினிங், சின்னப் பெண்களைச் செல்லமாகக் கூப்பிடுகிற எங்கள் ஊர்ச் சொல்லில். "இது ஒண்ணே மூணு ஆக்சிஜன் மெஷின் அளவுக்குக் கரண்ட் இழுக்கும்."

"காலையில ரெண்டு நிமிஷம் மட்டும்தான் நாங் பினிங் போடறேன். மதியம் அது ஓடவே இல்ல."

"எல்லா வீட்டிலயும் இதைத்தான் சொல்வாங்க. போன மாசம் ஒருத்தி சோறு வடிக்கற குக்கரைப் போட்டுட்டு, பெட்டி தானாச் சூடாச்சுன்னா."

"நான் அந்த ஒருத்தி இல்ல. எங்க அப்பாவோட மூச்சு அதுல ஓடுது. நான் பொய் சொல்வேனா?"

"பொய்னு சொல்லல. மறந்திருப்பே."

கிளாரிட்டாவின் முகம் சிவந்துவிட்டது. பினிங் பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து அந்த ஓட்டையை அகலமாக ஒட்டி மூடினாள். பிரேக்கரை மேலே தள்ளினாள், பச்சை விளக்கு வந்தது. கிளம்பும்போது கிளாரிட்டா வாசலில் நின்று சொன்னாள்:

"இன்னைக்கு நடந்தது ஒரு தடவை. இன்னொரு தடவை இந்தப் பெட்டி நின்னா, நான் அவரை இலோயிலோ நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடுவேன்."

உள்ளேயிருந்து லோலோவின் குரல் வந்தது. "அங்க போனா நான் திரும்பி வர மாட்டேன் கிளாரிட்டா. நீயும் அந்த வேலைதானே பாக்கறே, உனக்கே தெரியும்."

"இங்க மெஷின் நின்னு போனா இப்பவே போயிடுவீங்க தத்தாய்" என்றாள் அப்பாவிடம்.

இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். பினிங் குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள், நானும் கூடப் போனேன்.

தெருவில் போகும்போது நான் பினிங்கிடம், "அந்தப் பொண்ணு பொய் சொல்ற மாதிரி எனக்குத் தெரியல" என்றேன்.

"உனக்கு யார்தான் பொய் சொல்ற மாதிரி தெரிஞ்சிருக்காங்க? மீன்காரி நேத்துப் பிடிச்சதை இன்னைக்குன்னு சொன்னாலும் ஆமான்னு வாங்கறவ நீ."

அந்த வாரமே வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரண்ட் போயிற்று, திரும்பி வந்தது. இந்த முறை கிளாரிட்டா மெஷினின் விளக்கைப் பார்த்துக்கொண்டே நின்றாள், சிலிண்டரை மூடவே இல்லை. பச்சை வரவில்லை. லோலோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பிரேக்கர் விழுந்திருந்தது. பினிங் ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது. நான் பிரேக்கரை மேலே தள்ளினேன், பச்சை வந்தது.

கிளாரிட்டா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்து, "திங்கட்கிழமை காலையில வேன் வரும்" என்றாள். லோலோ கட்டிலின் பொத்தானை அழுத்திச் சாய்வைக் கீழே இறக்கி, சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று எந்தப் படகு யாருடையது என்று அவர் சொல்லவில்லை.

நான் பினிங்கைக் கூட்டிவரப் போனேன். சொன்னதும் செருப்பைக்கூட மாட்டாமல் வந்தாள். டேப்பை விரலால் தடவிப் பார்த்தாள். அதன் ஓரத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. பிறகு வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். அதற்குள் எபிங் வந்துவிட்டார். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இரண்டு பேர் சேர்ந்தால் மூன்றாவது ஆள் அவர்தான்.

"இதுக்கா இவ்வளவு யோசனை? சின்னப் பிரேக்கரைக் கழட்டி எறிஞ்சுட்டு முப்பது ஆம்பியர்ல ஒண்ணைப் போடு. என் வீட்டுல அப்படித்தான் இருக்கு. விழறதே கிடையாது."

"உங்க வீட்டுல பிரேக்கர் விழாது நோங். வீடுதான் விழும்" என்றாள் பினிங், தலை நிமிராமல். "முப்பது போட்டா, பாய்க்கு அடியில இருக்கற இந்த ரிப்பன் எரிஞ்சு முடிஞ்ச பிறகுதான் அதுக்குத் தெரியும். இவர் கட்டில் அதுக்கு மேல."

பிறகு லோலோவைச் சிலிண்டரில் வைக்கச் சொன்னாள். மெயின் சுவிட்சுக்குப் போய் வீட்டுக் கரண்ட்டை முழுவதும் அணைத்தாள், போட்டாள். பெட்டி முனகத் தொடங்கியது. அணைத்தாள், போட்டாள். முனகியது. நான் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் "வந்துச்சு" என்று சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துப்போன நேரத்தில், பெட்டிக்குள் யாரோ தொண்டையைச் செருமினது போல ஒரு உறுமல், உடனே டக். பிரேக்கர் விழுந்தது.

"வரல" என்றேன்.

பினிங் வந்து பார்த்தாள். இன்னும் கொஞ்சநேரம் அப்படியே செய்தாள். பல தடவை வந்தது. மறுபடி ஒரு தடவை விழுந்தது. காபி மெஷின் அலமாரியில் தூசியோடு இருந்தது.

அவள் கிளாரிட்டாவின் முன்னால் போய் நின்றாள். "இந்தாய், தப்பு என்னோடது. உன் காபி இல்ல. அன்னைக்கு உன்னை எல்லார் முன்னாலயும் சொன்னேன். இப்பவும் எல்லார் முன்னாலயும்தான் சொல்றேன்."

எல்லார் என்றால் நான், எபிங், கட்டிலில் லோலோ. 

"என்னதான் ஆகுது அதுக்கு?" என்று லோலோ சுவர் பக்கத்திலிருந்தே கேட்டார்.

"கப்பல் கரைக்கு வந்து பலகையைப் போட்டதும் என்ன ஆகும் லோலோ? எல்லாரும் ஒரேயடியா இறங்கப் பாப்பாங்க. கொஞ்ச நேரம்தான். அப்புறம் ஒவ்வொருத்தரா அமைதியா நடப்பாங்க. இந்த இரும்பும் அப்படித்தான். தூக்கத்துல இருந்து எழுப்பினா முதல்ல ஒரு வாய் பெருசாக் குடிக்கும். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள சரியாயிடும். எழுப்பற நேரத்தைப் பொறுத்து சில சமயம் கொஞ்சமாக் குடிக்கும், சில சமயம் நிறைய. நான் வச்ச காவல்காரன் ரொம்பக் கண்டிப்பானவன். அந்த முதல் கூட்டத்தைப் பாத்தே கதவைச் சாத்திடறான்."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியாதா?" கிளாரிட்டா கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

"கேள்விப்பட்டிருக்கேன். தைவான்ல சோதனை மேஜையில கரண்ட்டைக் கொஞ்சங்கொஞ்சமாத்தான் ஏத்துவாங்க, அதனால அங்க பாத்ததில்ல. இங்க நான் நாலு தடவை போட்டுப் பாப்பேன், நாலும் வந்திடும். வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு யாரும் வந்து சொன்னதும் இல்ல."

அது சரிதான். நாங்களே சொல்லியிருக்க மாட்டோம். கரண்ட் போய் வந்ததும் பெட்டியில் பிரேக்கர் விழுந்திருந்தால், கரண்ட் கம்பெனிக்காரனின் வம்சத்தைத் திட்டிவிட்டு மேலே தள்ளிவிடுவோம். என் தங்கை வீட்டுப் பெட்டியில் நானே எத்தனையோ தடவை தள்ளியிருக்கிறேன். இந்த ஊரில் கரண்ட் சம்பந்தமாக எது கெட்டாலும் அது கம்பெனிக்காரனின் பாவம்தான். பினிங்கின் பெட்டியில் குறை இருக்கும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. டிவிக்கு அது பரவாயில்லை. டிவி மூச்சு விடுவதில்லை.

"திங்கட்கிழமை காலை வரைக்கும் எனக்கு நேரம் இருக்குதானே?" என்றாள் பினிங்.

"வேன் பத்து மணிக்கு" என்றாள் கிளாரிட்டா. "நான் அதை நிறுத்தச் சொல்லப்போறதில்ல நாங் பினிங்."

"நிறுத்தச் சொல்லுன்னு நான் கேக்கல."

சனிக்கிழமை முழுவதும் அவள் அந்த வீட்டில் இருந்தாள். வரும்போது இலையில் சுற்றி வேகவைத்த ஒட்டரிசிப் பண்டமான இபோஸ் ஒரு கட்டு கொண்டுவந்து கிளாரிட்டாவின் கையில் கொடுத்தாள்.  கிளாரிட்டாவும் பிரித்து ஒன்றைத் தின்றுகொண்டே, எந்தக் கதவு வழியாக ஒயர் போகவேண்டும் என்று காட்டினாள்.

முதலில் பாய்க்கு அடியிலிருந்த ரிப்பனை உருவி எடுத்தாள். அதில் சக்கரம் ஏறிய இடம் நசுங்கி மினுமினுத்தது. அதற்குப் பதில் தடித்த ஒயரைச் சுவரோரமாக, கட்டிலின் தலைமாடு வரைக்கும், ஆணி அடித்துக் கொண்டுபோனாள். பிறகு பெட்டியின் நூற்றுப்பத்துப் பக்கத்திலேயே, ஒட்டினாற்போல, ஒரு குட்டிப் பெட்டியைத் திருகினாள். அதற்குள் இரண்டாவது பிரேக்கர். டிரான்ஸ்பார்மருக்கும் அதற்கும் நடுவில் இருந்த ஒயர் ஒரு சாண்கூட இல்லை.

"கொஞ்சம் தள்ளி, கதவுப் பக்கம் வச்சா எனக்குக் கைக்கு எட்டுமே" என்றேன்.

"தள்ளி வச்சா நடுவுல இருக்கற ஒயருக்குக் காவல் யாரு? உன் ஜெபமா?"

"என் ஜெபத்துக்கு என்ன குறை?"

"ஒண்ணும் குறை இல்ல சோர்சி. ஆனா கர்த்தருக்கு வேற வேலையும் இருக்கு."

கடைசியாக இருநூற்றிருபது பக்கத்தில் இருந்த சின்னப் பிரேக்கரைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரியதைப் போட்டாள். எபிங் சொன்ன முப்பது இல்லை, அதில் மூன்றில் ஒரு பங்குதான். எபிங் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

"பெரிசு போடுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்."

"சொன்னீங்க. நீங்க வாசல் காவல்காரனை மட்டும் தூங்க வைக்கச் சொன்னீங்க. நான் அவனைப் பொறுமைசாலியா மாத்தி, உள்ள இன்னொருத்தனைக் கண்டிப்பா நிறுத்தியிருக்கேன். முதல் கூட்டத்தை வாசல்காரன் விட்டுடுவான், அது இரும்போட நின்னுடும், உள்ள இருக்கறவன்கிட்ட வராது. ஒயர் தாங்கறதுக்கு மேல யாராவது இழுத்தா உள்ள இருக்கறவன் விட மாட்டான். இந்த வாசல்காரன் மட்டும் இருந்தா வீடு போயிடும். அந்தப் பழையவன் மட்டும் இருந்தா மூச்சு போயிடும்."

சாயங்காலம் பெட்டிக்கு முழுச் சுமை கொடுத்து, புறங்கையை இரும்பில் வைத்து ஜெபமாலையைத் தொடங்கினாள். நானும் கிளாரிட்டாவும் மண்டியிட்டோம். மூன்றாவது இரகசியத்தில் கட்டிலிலிருந்தும் பதில் வந்தது. லோலோ ஒவ்வொரு வரிக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னதால் எங்கள் ஜெபம் நீண்டது. பினிங் கையை எடுக்கவில்லை. பிறகு மெயின் சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டோம். எபிங்கும் ஒரு முறை வந்து போட்டுவிட்டு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். ஒரு தடவைகூட விழவில்லை.

கிளாரிட்டா நன்றி சொன்னாள். பிறகு, "ஆனா நீங்க கையால அணைக்கறது வேற. அதுவா போய் அதுவா வர்றது வேற. அதை என் கண்ணால பாக்காம என்னால நம்ப முடியாது" என்றாள்.

"நியாயம்" என்றாள் பினிங். கருவிகளைப் பையில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் நான் வாழ்க்கையிலேயே முதல் முறையாகக் கரண்ட் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கேட்கவே கூச்சமாக இருந்தது. நோயாளிகள், கடலில் இருப்பவர்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகள் எல்லாரையும் முதலில் சொல்லிவிட்டு, கடைசியில் மெதுவாகக் கேட்டேன். வாரத்தில் மூன்று நாள் எங்களை இருட்டில் உட்கார வைக்கும் கம்பெனி, அன்று ஒரு நிமிடம்கூடக் கரண்ட்டை நிறுத்தவில்லை. எபிங்கின் பாட்டு மெஷின் காலையிலிருந்து இரவு வரை ஓடியது. லோலோ, "இந்தக் கரண்ட் கட் வேண்டாத நேரத்துல வரும், வேணுங்கறப்போ வராது. என் மச்சான் மாதிரி" என்றார். சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது.

திங்கள் காலையில் கிளாரிட்டா அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் அவர் முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். வேன் முன்னதாகவே வந்துவிட்டது. ஓட்டுநர் நல்ல மனிதர், படியில் உட்கார்ந்து காத்திருக்கிறேன் என்றார். லோலோ என்னிடம் நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளச் சொன்னார். தள்ளினேன். கடலைப் பார்த்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போது மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. மெஷின் அடங்கியது. எபிங் வீட்டுப் பாட்டு நடுச்சொல்லில் அறுந்தது.

கிளாரிட்டா சட்டையைக் கீழே போட்டுவிட்டுக் குழாயைச் சிலிண்டருக்கு மாற்றினாள். மாற்றிவிட்டு மெஷினின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "அம்மா, போகலாமா?" என்றார்.

"கரண்ட் வரட்டும்" என்றாள்.

"வேன் ஓட கரண்ட் எதுக்கும்மா?"

"உட்காருங்க. நாங் சோர்சி, அவருக்கு ஏதாவது சாப்பிடக் குடுங்க."

நான் அவருக்கு ரொட்டியும் வறுத்த கருவாடும் கொடுத்தேன். அவர் தின்று முடித்து, கை கழுவி, திரும்பப் படியில் உட்கார்ந்தார். பத்து மணி தாண்டியது. சிலிண்டரின் முள் இறங்கிக்கொண்டிருந்தது. கிளாரிட்டா அதைப் பார்ப்பதும் மெஷினைப் பார்ப்பதுமாக இருந்தாள். 

கரண்ட் வந்தபோது முதலில் பெட்டிதான் சொன்னது. அந்தத் தொண்டைச் செருமல், நான் இதுவரை கேட்டதிலேயே பெரியது. தரைப்பலகை அதிர்ந்தது.  ஆனால் டக் என்ற சத்தம் வரவில்லை. முனகல் வந்தது, மெஷின் பெருமூச்சு விட்டது, பச்சை விளக்கு எரிந்தது.

கிளாரிட்டா எழுந்திருக்கவில்லை. பச்சையைப் பார்த்தபடியே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து லோலோ, "சிலிண்டரை மூடு மகளே. ரெண்டுலயும் மூச்சு விட எனக்கு ரெண்டு மூக்கா இருக்கு?" என்றார்.

அவள் சிலிண்டரை மூடினாள். குழாயை மாற்றினாள். பிறகு வாசலுக்குப் போய் ஓட்டுநரிடம் மெதுவாகப் பேசினாள். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. லோலோ கேட்காதது போலக் கடலையே பார்த்துக்கொண்டு, "அதோ வர்றது ரூபெனோட படகு, இன்ஜினைச் சரி பண்ணவே மாட்டான்" என்றார். கிளாரிட்டா உள்ளே வந்து, மடித்த சட்டைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப அடுக்கினாள்.

பினிங் அங்கே இல்லை. அன்று விடிந்ததுமே ஆற்றோரத்தில் இருக்கும் ஓர் ஆசிரியை வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த ஆசிரியையின் தாயாருக்கும் அப்படி ஒரு மெஷின், அதற்கும் பினிங்கின் பெட்டி, அதிலும் ஒரே ஒரு கண்டிப்பான பிரேக்கர். நான் அவளிடம் சொல்லவேண்டும் என்று மூன்று சக்கர டிரைசிக்கிள் வண்டி பிடித்து அங்கே போனேன். அவள் பெட்டியைத் திறந்துபோட்டு, தலையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள்.

"கரண்ட் போயிட்டு வந்துச்சு பினிங்" என்றேன்.

தலையை எடுக்காமல் கேட்டாள். "பெட்டி நின்னு போச்சா?"

"நிக்கல. பச்சை எரிஞ்சது. வேன் திரும்பிப் போயிடுச்சு. லோலோ ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கார்."

அவள் கை வேலையை நிறுத்தியது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள், விரலில் இருந்த கறுப்பு நெற்றியில் ஒட்டியது.

"அடுத்த தடவையும் பாத்துட்டுச் சொல்லு" என்றாள். "அந்த ஸ்குரூ டிரைவரை எடு. அது இல்ல, சின்னது."